கடைசி மில்லிகிராம்கள்தான் கடினம்: மனநல மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்கள் நிறுத்த நினைக்கும்போது

நீங்கள் எழுதியதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வுக்காக 7 ஆண்டுகளாகச் சிட்டலோப்ராம் 20 மி.கி. மாத்திரையும், தூக்கத்துக்காக 4 ஆண்டுகளாக இரவில் குளோனசெபாம் 0.5 மி.கி. மாத்திரையும் எடுத்து வருகிறீர்கள். கடந்த 3 ஆண்டுகளாக மனநிலை சீராக இருந்ததால், யாரிடமும் கேட்காமல், சிட்டலோப்ராமை இரண்டு வாரம் அரை மாத்திரையாக்கிவிட்டுப் பிறகு அடியோடு நிறுத்தினீர்கள். நான்காம் நாளிலிருந்து, தலையைத் திருப்பினாலும் கண்ணை அசைத்தாலும் மண்டைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தள்ளாட்டம், காரணம் தெரியாத அழுகை, விடியற்காலை மூன்று மணி விழிப்பு. இன்றோடு 12 நாட்கள் ஆகின்றன. வீட்டில் எல்லோரும் நோய் திரும்பிவிட்டது என்கிறார்கள். நீங்களோ மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோமோ என்று குறுகிப்போயிருக்கிறீர்கள். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரப்படும் ஓலான்ஸபினை 10 ஆண்டுகளாக எடுக்கும் உங்கள் அக்காவுக்கும் இதே கதிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் அல்லன். மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய மருந்தாளுநர். மருந்தைத் தொடங்குவதற்கு எவ்வளவோ வழிகாட்டுதல் இருந்தும், நிறுத்துவதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லாத காலத்தில் வேலைக்கு வந்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் இரண்டு விஷயங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, ஓரிடத்தில் உட்காரவும் நிற்கவும் முடியாமல் உள்ளுக்குள் பிய்த்துக்கொண்டு போவது போன்ற தவிப்பு இருந்தாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவிப்புக்கு அகத்தீசியா என்று பெயர். அது மருந்தாலும் வரும், மருந்தை நிறுத்துவதாலும் வரும். மனிதரை மிகக் குறுகிய நேரத்தில் விளிம்புக்குத் தள்ளிவிடும் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள முயலவே கூடாது. இரண்டாவது, எக்காரணத்தைக் கொண்டும் இப்போது குளோனசெபாமையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. இது நோய் திரும்பியதா, மருந்து விலகியதால் வந்ததா? நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் கால வரிசையே பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறது. சிட்டலோப்ராம் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகிறது. அதாவது நான்காம் நாளில் உங்கள் இரத்தத்தில் மிஞ்சியிருந்தது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சரியாக அந்த நேரத்தில்தான் ஷாக் தொடங்கியிருக்கிறது. மனச்சோர்வு அப்படி நான்காம் நாளில் வந்து கதவைத் தட்டுவதில்லை. பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல மெல்லக் கவியும். அதோடு, 7 ஆண்டுகளுக்கு முன் நீங்கள் நோயுற்றிருந்தபோது மண்டைக்குள் மின்னல் வெட்டியதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். முன்பு ஒருபோதும் இல்லாத உடல் அறிகுறிகள் புதிதாக வந்திருந்தால் அவை பழைய நோயின் அறிகுறிகளாக இருக்க வாய்ப்புக் குறைவு. மூன்றாவது அடையாளம், மருந்தை மீண்டும் எடுத்தால் விலகல் அறிகுறிகள் சில நாட்களிலேயே தணிந்துவிடும் என்பது. மனச்சோர்வாக இருந்தால் அதே மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும்.

மனச்சோர்வுக்கான மருந்துகளில் இந்தக் கணக்கு மருந்துக்கு மருந்து மாறும். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தலை சுற்றத் தொடங்கிவிடும். பராக்செடினும் வேகமாக வெளியேறுகிறது. ஃப்ளுவாக்செடினோ, உடலில் அது மாறி உருவாகும் பொருளையும் சேர்த்து, வாரக்கணக்கில் தங்கும். அதை நிறுத்தியவருக்குத் தொல்லை மூன்று நான்கு வாரம் கழித்து வந்தால், மருந்தோடு அதைத் தொடர்புபடுத்தவே யாருக்கும் தோன்றுவதில்லை. நோய் திரும்பியது என்று எழுதப்பட்டு, ஆயுள் முழுக்க மருந்து வேண்டும் என்ற முடிவு அந்த ஒரு தவறான வாசிப்பிலிருந்து பிறந்துவிடுகிறது. இப்படி நடந்ததை நான் ஒரு முறை இரு முறை பார்க்கவில்லை.

மருத்துவர்களை இதற்காக முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இந்த மருந்துகளுக்கு ஒப்புதல் பெற்றுத்தந்த ஆய்வுகள் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் நடந்தவை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலே, விலகல் அறிகுறிகள் பொதுவாக லேசானவை, ஒரு வாரத்தில் தாமாக அடங்கிவிடும் என்றுதான் 2019 வரை சொல்லிவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த வாக்கியம் திருத்தப்பட்டது; சிலருக்கு அவை கடுமையாகவும் மாதக்கணக்கிலும் நீடிக்கலாம் என்பது ஏற்கப்பட்டது. 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு, மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதத்தினரும், ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, மருந்தில்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதத்தினரும் அறிகுறிகளைத் தெரிவித்ததாகக் கணக்கிட்டது. அப்படியானால் மருந்தால் மட்டுமே வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது நூற்றுக்கு மூவர் அளவில். ஆனால் அதில் இடம்பெற்ற ஆய்வுகள் பலவற்றில் மக்கள் மருந்தெடுத்தது சில வாரங்களோ சில மாதங்களோதான். 7 ஆண்டு எடுத்த உங்களுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவது சரியாகாது. எடுத்த காலம் நீள நீளத் தொல்லையும் கூடுகிறது என்பதுதான் நான் கண்டது.

‘அடிமை’ என்ற சொல்லை நீங்கள் உங்கள் மீது சாத்திக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அடிமைத்தனம் என்பது போதையைத் தேடி ஓடுவது, அளவைக் கூட்டிக்கொண்டே போவது, வாழ்க்கை சிதைந்தாலும் விட முடியாமல் இருப்பது. நீங்கள் 7 ஆண்டுகள் ஒரே அளவை, சொன்ன நேரத்தில், சொன்னபடி எடுத்தீர்கள். உங்கள் மூளை அந்த மருந்தைத் தன் இயல்பான சூழலாக ஏற்று, அதற்கேற்பத் தன் ஏற்பிகளையும் (மூளையின் வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்கள்) தொடர்புகளையும் சரிசெய்துகொண்டது. மருந்து மறைந்ததும் அந்தச் சரிசெய்தல் மட்டும் தனியே நிற்கிறது. அது கலைய நேரம் வேண்டும். உயர் இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென விட்டாலும் அழுத்தம் எகிறும். அதை யாரும் மன உறுதிக் குறைவு என்பதில்லை.

நீங்கள் செய்ததில் எது பிழை என்றால், நிறுத்த நினைத்தது பிழையில்லை. குறைத்த வடிவம்தான் பிழை. இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு விஷயத்தின் மையமும் இதுதான்.

சிட்டலோப்ராம் வேலை செய்வது, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் ஒரு புரதத்தின் மேல் அமர்ந்துகொண்டு அதைத் தடுப்பதன் மூலம். எத்தனை மில்லிகிராமுக்கு அந்தப் புரதங்களில் எத்தனை சதவீதம் அடைபடுகின்றன என்பதை மூளையைப் படம் பிடித்து அளந்திருக்கிறார்கள். அந்த அளவீடுகளை வைத்து மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் ஆகிய இருவர் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன்படி 20 மி.கி. ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைக்கிறது. 40 மி.கி. என்று இரட்டிப்பாக்கினாலும் 86 சதவீதம்தான். ஆனால் கீழே வர வர நிலைமை தலைகீழாகிறது. 9.1 மி.கி.க்கு 70 சதவீதம், 5.4 மி.கி.க்கு 60, 3.4 மி.கி.க்கு 50, 2.3 மி.கி.க்கு 40, 1.5 மி.கி.க்கு 30, 0.8 மி.கி.க்கு 20, வெறும் 0.37 மி.கி. எடுத்தாலும் 10 சதவீதம். மேலே சமதளம், கீழே செங்குத்துப் பாறை. 20-லிருந்து 10-க்கு வந்தபோது நீங்கள் இறங்கியது ஒன்பது பத்து சதவீதம். அதனால்தான் அந்த இரண்டு வாரமும் ஒன்றும் தெரியவில்லை. 10-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தபோது, அதே அரை மாத்திரைதான், ஆனால் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே படியில் குதித்துவிட்டீர்கள். மாடியிலிருந்து ஒரு படி இறங்கிவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று மீதியைத் தாண்டியது போல.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக் குறைப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். 48 மணி நேர இடைவெளியில் சிட்டலோப்ராம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. பராக்செடினும் வென்லாஃபாக்சினும் இன்னும் மோசம். மூளை ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் ஒரு முறை ஏறி இறங்குமே தவிரப் படிப்படியாகப் பழகாது.

அப்படியானால் 2.3 மி.கி. என்றும் 0.8 மி.கி. என்றும் எப்படி எடுப்பது? மாத்திரையாக வரும் மிகக் குறைந்த அளவே 10 மி.கி. அதைக் கத்தியால் நான்காக வெட்டினாலும் 2.5-தான் கிடைக்கும், அதுவும் துண்டுக்குத் துண்டு வேறுபடும். இங்கேதான் திரவ மருந்து கைகொடுக்கிறது. 5 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும் சிட்டலோப்ராம் கரைசல் உண்டு. அதாவது 1 மி.லி.க்கு 2 மி.கி. குழந்தைகளுக்கு மருந்து புகட்டும், ஊசியில்லாத சிரிஞ்சில் 2.7 மி.லி. இழுத்தால் 5.4 மி.கி., 0.4 மி.லி. இழுத்தால் 0.8 மி.கி. அந்தக் கடைசிக் கட்டத்தில் சிரிஞ்சின் நுனியில் சிக்கும் ஒரு காற்றுக் குமிழி கூட அளவை மாற்றிவிடும் என்பதால், வெளிச்சத்துக்கு எதிரே கண் மட்டத்தில் பிடித்து, தட்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் செய்து காட்டுவேன். சிட்டலோப்ராமுக்குச் சொட்டு மருந்தும் இருக்கிறது. அதில் 8 மி.கி. எடுத்தால் மாத்திரையின் 10 மி.கி.க்குச் சமம் என்பதால், மாறும்போது மருந்தாளுநரிடம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தில் ஒவ்வொரு நாளுக்கும் சிறிது சிறிதாகக் குறையும் அளவுகளைச் சிறு உறைகளில் போட்டு ஒரே சுருளாகத் தருகிறார்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை மட்டும் பொடிக்கவோ கரைக்கவோ கூடாது. முழு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

வேகம் எவ்வளவு என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண்ணை யாரும் தர முடியாது. பொதுவாக, அடைப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு படியில் இறங்காமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் தங்குவது நல்ல தொடக்கம். 7 ஆண்டு எடுத்தவருக்கு மொத்தத்தில் ஓராண்டு ஆனாலும் நான் வியக்க மாட்டேன். இந்த முறையை மற்ற முறைகளோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகள் இன்னும் குறைவே. ஆனால் மருந்தியல் அடிப்படை தெளிவாக இருக்கிறது, பிரிட்டனின் மனநல மருத்துவர் கழகமும் 2020-லிருந்து இதே வடிவத்தைத்தான் பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கிறது.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வென்லாஃபாக்சினிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணி வைத்திருந்த நோட்டை நான் இன்றும் நினைக்கிறேன். காப்ஸ்யூலைத் திறந்து, வெள்ளைத் தட்டில் கொட்டி, உள்ளே இருந்த மணிகளை எண்ணி, ஒவ்வொரு படிக்கும் சிலவற்றைக் கழித்துவந்தார். தினமும் இரவில் தலைச்சுற்றல், தூக்கம், அழுகை, பதற்றம் என்று நான்கு கட்டங்களில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். தனித்தனியாகப் பார்த்தால் எண்கள்தான். பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தபோது அலைகள் தெரிந்தன. ஒவ்வொரு குறைப்புக்கும் இரண்டாம் நாளில் ஏறி, ஐந்தாம் நாளில் உச்சம் தொட்டு, பதினைந்தாம் நாளுக்குள் இறங்கின. ஒருமுறை மட்டும் மூன்று வாரம் ஆகியும் இறங்கவில்லை. அவர் ஒரு படி மேலே ஏறி, ஆறு வாரம் அங்கேயே நின்றார். அதைத் தோல்வி என்று அவர் எண்ணாததற்கு அந்தப் பக்கங்கள்தான் காரணம். அலை வந்தால் வடியும் என்பதை அவரே தன் கையெழுத்தில் பார்த்திருந்தார். மருத்துவருக்கும் அந்த நோட்டைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. குறைப்போடு ஒட்டி ஏறி இறங்குவது விலகல், குறைப்போடு சம்பந்தமில்லாமல் வாரக்கணக்கில் கீழ்நோக்கியே போவது நோய்.

நோய் உண்மையாகவே திரும்பும் வாய்ப்பை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட நான் விரும்பவில்லை. உங்களைப் போலவே பல மாதங்கள், ஆண்டுகள் மருந்தெடுத்து, நலமாக உணர்ந்து, நிறுத்த எண்ணிய 478 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆன்ட்லர் ஆய்வு 2021-இல் வெளியானது. ஓராண்டுக்குள் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்துவதில் கூடுதல் ஆபத்து உண்டு என்பதை இது காட்டுகிறது. நிறுத்தியும் 100-க்கு 44 பேர் நலமாக இருந்தார்கள் என்பதையும், தொடர்ந்தாலும் முழுக் காப்பு இல்லை என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. அந்த ஆய்வில் குறைப்பு சுமார் இரண்டு மாதங்களுக்குள் முடிக்கப்பட்டது, விலகல் அறிகுறிகள் சில ‘திரும்புதல்’ கணக்கில் ஏறியிருக்கலாம் என்ற விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனாலும், மூன்று நான்கு முறை கடும் சோர்வு வந்தவர், தற்கொலைக்கு முயன்றவர், இப்போது வாழ்வில் பெரும் இழப்பின் நடுவே இருப்பவர் ஆகியோரிடம் நான் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன்.

மறுபக்கத்தில், தொடர்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாலுறவு ஆர்வமும் உணர்வும் மங்குவது மிகப் பரவலானது, கேட்டால் ஒழிய யாரும் சொல்வதில்லை. அரிதாகச் சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னும் அது நீடிக்கிறது என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் ஏற்று, மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. துக்கம் மட்டுமின்றி மகிழ்ச்சியும் மரத்துப்போகிறது என்று ஏறக்குறைய பாதிப் பேர் சொல்கிறார்கள். வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு கூடும். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையும். சிட்டலோப்ராம் குறிப்பாக இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை நீட்டக்கூடியது என்பதால் 40 மி.கி.யைத் தாண்டக் கூடாது, 60 வயதைக் கடந்தவர்கள் 20-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே மருந்தெழுதிய மருத்துவரிடம் செல்லுங்கள். நிறுத்திய நாள், அறிகுறி தொடங்கிய நாள், என்ன அறிகுறி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘இது விலகல் அறிகுறியாக இருக்கலாமா, மீண்டும் தொடங்கி மெதுவாக இறங்கலாமா’ என்று நேராகக் கேளுங்கள். கடைசியாகத் தொல்லையின்றி இருந்த அளவுக்கோ அதற்குச் சற்றுக் கீழோ திரும்புவது வழக்கமான நடைமுறை, பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தலை தெளிந்துவிடும். நிலைபெற்று ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகு குறைப்பைத் தொடங்கலாம். மருத்துவர் கேட்க மறுத்தால் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதில் தவறில்லை. சண்டையிட்டுக்கொண்டு தனியே இறங்குவதில்தான் தவறு.

குளோனசெபாமைப் பொறுத்தவரை, 0.5 மி.கி. என்ற சிறு எண் உங்களை ஏமாற்றக் கூடாது. 1982 முதல் 1994 வரை நியூகாஸிலில் இந்த மருந்துகளிலிருந்து மக்களை விடுவிக்கவே ஒரு மருத்துவமனைப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் வகுத்த அட்டவணையின்படி, அது அதே வகையைச் சேர்ந்த டயஸெபாமின் 10 மி.கி.க்கு நிகர். இந்த வகை மருந்துகள் தூக்கத்துக்கு உதவுவது சில வாரங்கள்தான். அதன் பிறகு பெரும்பாலும், அது இல்லாவிட்டால் வரும் தூக்கமின்மையைத்தான் அது தடுத்துக்கொண்டிருக்கிறது. ஞாபக மங்கல், முதுமையில் கீழே விழுந்து எலும்பு முறிவது, மதுவோடோ அபினி வகை வலி மருந்துகளோடோ சேர்ந்தால் மூச்சு ஒடுங்குவது ஆகியவை இதன் நெடுங்கால ஆபத்துகள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் உடல் சார்ந்திருத்தல் பற்றிய எச்சரிக்கையை இந்த மருந்துகள் அனைத்துக்கும் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடப்படும், மிகக் கடுமையான பெட்டி எச்சரிக்கையாக மாற்றியது. இதையும் இறக்கத்தான் வேண்டும். இருக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை. ஆனால் சிட்டலோப்ராமோடு சேர்த்து வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மருந்து. இல்லையென்றால் எதனால் என்ன வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எதை முதலில் என்பதை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள்; சிட்டலோப்ராம் இறங்கும் மாதங்களில் தூக்கம் கெடும் என்பதால் குளோனசெபாமைப் பிறகு வைத்துக்கொள்வதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

உங்கள் அக்காவின் கதை வேறு. இரண்டு முறை மருத்துவமனையில் சேர்ந்தவர், 20 மி.கி. ஓலான்ஸபினில் 10 ஆண்டுகள், எடை 20 கிலோ கூடிவிட்டது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எடையும் சர்க்கரையும் கொழுப்பும் இந்த மருந்தின் நேரடி விளைவுகள். அவர் சோம்பேறியானதால் வந்தவை என்று வீட்டில் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். அதோடு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது உதடுகளையும் நாக்கையும் கவனியுங்கள். மெல்லுவது, நாக்கை உள்ளே சுழற்றுவது, உதட்டைக் குவிப்பது போன்ற அசைவுகள் அவர் அறியாமலே வந்தால் அது டார்டிவ் டிஸ்கைனீசியாவாக, அதாவது இந்த வகை மருந்துகளை நெடுநாள் எடுப்பதால் வரும் அசைவுக் கோளாறாக, இருக்கலாம். பழைய வகை மருந்துகளில் இது அதிகம், ஓலான்ஸபினில் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. மருந்தைக் குறைக்கும்போது, அதுவரை மறைந்திருந்தது வெளியே தெரியவும் கூடும்.

மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான இந்த வகை மருந்துகளை நிறுத்துவதில் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. 2012-இல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்தெடுத்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு, நிறுத்தியவர்களில் 64 சதவீதத்தினருக்கு. 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றிலோ, முதல் முறை நோயுற்ற 103 பேரை 7 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, ஆரம்பத்தில் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ முயன்ற பிரிவில் 40 சதவீதத்தினரும், தொடர்ந்த பிரிவில் 18 சதவீதத்தினரும் முழு மீட்சி அடைந்திருந்தார்கள். அந்த நம்பிக்கையோடு பிரிட்டனில் 253 பேரிடம் நடத்தப்பட்ட ரேடார் ஆய்வு 2023-இல் வெளியானபோது, மெதுவாகக் குறைத்த பிரிவில் சமூக வாழ்வு மேம்படவில்லை, கடுமையான திரும்புதல் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். ஃபின்லாந்தில் 20 ஆண்டு பதிவுகளை ஆராய்ந்தபோது, மருந்தெடுக்காத காலங்களில் இறப்பு அதிகமாக இருந்தது. இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால், உங்கள் அக்காவுக்குப் பூஜ்யத்தை இலக்காக வைப்பதைவிட, அவரைத் தாங்கக்கூடிய மிகக் குறைந்த அளவை இலக்காக வைப்பதே சரி என்று நான் கருதுகிறேன். அதற்கு இடமும் இருக்கிறது. ஓலான்ஸபின் 20 மி.கி. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளுக்கான ஏற்பிகளில் ஏறத்தாழ 76 சதவீதத்தை அடைக்கிறது, 10 மி.கி. 73, 5 மி.கி. 55. அதே பாறை, அதே சமதளம். 20-லிருந்து 10-க்கு வருவது அடைப்பில் பெரிய மாற்றமில்லை என்றாலும், அதை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். 10-க்குக் கீழே போகத் தனியாக யோசிக்க வேண்டும். எடை குறைவாக ஏற்றும் வேறு மருந்துக்கு மாறுவதையும் மருத்துவரிடம் கேளுங்கள். குறைத்தாலும் இல்லாவிட்டாலும் எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும்.

வேறு மருந்தெடுப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சில வரிகள். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் வெறிநிலை வேகமாகத் திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். தொடர்பவர்கள் சிறுநீரகம், தைராய்டு, கால்சியம், இரத்தத்தில் மருந்தின் அளவு ஆகியவற்றைச் சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும், வயிற்றுப்போக்கில் நீர் வற்றும்போதும் ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை எடுக்கும்போதும் லித்தியம் நஞ்சளவுக்கு ஏறும். வால்ப்ரோயேட் எடுக்கும்போது கருவுற்றால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரக்கூடும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கல். ஆகவே கருவுறுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். குளோசபின் எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தின் ஒரு வரியில் தெரிந்தது. அக்காவும் நீங்களும் சேர்ந்தே மருந்தை விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவருக்குத் தூக்கம் குறைந்து பேச்சு மாறும் முதல் அடையாளத்தை வீட்டில் வேறு யாரையும்விட முன்னதாகக் கண்டுபிடிப்பவர் நீங்கள்தான், உங்கள் முகம் வாடினால் முதலில் கேட்பவரும் அவர்தான். ஒருவர் இறங்கும் ஆண்டில் மற்றவர் அசையாமல் நிற்கட்டும். முதலில் நீங்கள் நிலைபெறுங்கள். நோட்டில் தேதியைப் போட்டு அவர் கையிலும் கொடுங்கள், வாரம் ஒரு முறை அவர் கண்ணுக்கு நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று அவரும் ஒரு வரி எழுதட்டும்.